சுவருக்குப் பச்சை பூசியவர்கள்

1

இந்த மாதத்தோடு நாங்கள் இலங்கையில் கண்டிப் பக்கம் வந்து ஏழு வருஷம் முடிகிறது. "ரெண்டே வருஷம், அப்புறம் கோவில்பட்டிதான்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். என் தங்கச்சி போனில் இன்னும் கேலி செய்கிறாள்: "ஏக்கா, ஒன் ரெண்டு வருஷம் இன்னும் முடியலையா? அங்க காலண்டரே கிழிக்க மாட்டாங்களோ?"

கிழிக்கத்தான் செய்கிறோம். குண்டசாலையில் எங்கள் வாடகை வீட்டின் சமையலறைச் சுவரில்தான் காலண்டர் தொங்குகிறது. மழை ஈரத்தில் தாள்கள் ஒட்டிக்கொண்டு இரண்டு இரண்டாக வருகின்றன, அவ்வளவுதான்.

காலையில் எங்கள் வீடு இப்படி நடக்கும். என் வீட்டுக்காரர் மதுரைக் கம்பெனி ஒன்றுக்கு இங்கிருந்தே கணக்கு எழுதுகிறார். அதனால் இட்லிப் பானை அவர் பொறுப்பு. எங்கள் மகள் மதி, இரண்டு வயதில் வந்தவள், இப்போது ஸ்கூல் வேன் ஜன்னலோரத்துக்காகச் சுத்தமான சிங்களத்தில் சண்டை போடுகிறாள். பல்லேகல மைதானத்தில் இந்தியா விளையாடினால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. போன தடவை நம் ஆள் அவுட் ஆனதும் அவள் நாற்காலி மேல் ஏறி ஆடினாள். "அடியே, நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டதற்கு, "நான் இந்த வீட்டுப் பிள்ளைதான், ஆனா மெட்ச் வேற" என்று பதில் வந்தது.

எட்டு மணி வாக்கில் நான் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். கொஞ்ச தூரத்தில் மலைச் சரிவில் ஒரு ரோட்டை அகலமாக்குகிறோம். அதுதான் என் வேலையிடம்.

2

"நீ அங்க என்னதான் பண்ற? வீடு கட்டுறியா, கம்ப்யூட்டர் தட்டுறியா?" என்று ஊரில் கேட்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இரண்டும்தான். மலையை வெட்டி ரோடு போட்டால் மண் சரியாமல் பிடித்து வைக்கப் பெரிய பெரிய சுவர்கள் வேண்டும். அந்தச் சுவர்களை முதலில் கம்ப்யூட்டருக்குள் முழுசாகக் கட்டிப் பார்ப்போம். கம்பி எங்கே, குழாய் எங்கே, தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்று எல்லாமே அந்தப் படத்தில் இருக்கும். வெயிலாக இருந்தால் ட்ரோன் பறக்கவிட்டு மலையை அளப்போம். சைட்டில் இருக்கிறவர்கள் கையில் ஆளுக்கொரு டேப்லெட், இங்கே அதை 'டெப்' என்கிறார்கள். சுவரின் ஒவ்வொரு துண்டையும் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை, சந்தேகமென்றால் மஞ்சள், பிழையென்றால் சிவப்பு என்று அதில் தொட வேண்டும். தொட்ட நிமிஷம் கொழும்பில் இருக்கிற தலைமை அலுவலகத் திரையிலும் அந்தத் துண்டு நிறம் மாறும்.

கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? ட்ரோன் பறக்க அனுமதி வாங்கப் போன கதையைக் கேட்டால் அழகெல்லாம் கரைந்துவிடும். ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தின் கடிதம் கேட்டார்கள். அந்த அலுவலகத்தில் முதல் அலுவலகத்தின் கடிதம் கேட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் பம்பரம் மாதிரி சுற்றி, அனுமதி கையில் வந்தபோது மழைக்காலம் தொடங்கிவிட்டது. மழையில் ட்ரோன் பறக்காது. ஆக, மழைக்காலம் முழுக்க அந்த மலைக்குக் கண் என்று இருந்தது டெப் மட்டுந்தான்.

அதையும் யாரும் தொடவில்லை. காலை பத்து மணிக்குப் பால் சேர்க்காத பிளேன் டீ குடிக்கும்போது எல்லோரும் வட்டமாக நின்று பேசுவார்கள். அந்தச் சுவரில் இது சரியில்லை, இந்தக் குழாய் வளைந்திருக்கிறது என்று அங்கேயே சொல்லி, அங்கேயே தீர்த்துக்கொள்வார்கள். "இதை அப்படியே டெப்ல போடுங்களேன்" என்றால் சிரிப்பார்கள். "போடுறோம் மிஸ்" என்பார்கள். போட மாட்டார்கள்.

ஊரில் நான் முதன்முதலில் வேலை பார்த்த ரோட்டில் நிலைமை நேர்மாறு. அங்கே ஒருத்தன் தப்பு செய்தால் இன்னொருத்தன் போடுகிற சத்தம் பக்கத்து ஊர் சந்தைக்குக் கேட்கும். எழுதிக் கொடுக்கச் சொன்னால் வரிசையில் நின்று எழுதுவார்கள். அவன் மேல் இவன், இவன் மேல் அவன். பொய்ப் புகாரைப் பொறுக்கி எடுப்பதே எனக்கு வேலையாக இருந்தது. இங்கே வந்த புதிதில் இந்த அமைதி எனக்குப் பிடிபடவே இல்லை. வீட்டுக்குப் பீரோ வாங்கப் போய், கடைக்காரர் விழித்து, பிறகு "ஆ, அலுமாரியா?" என்று கேட்டாரே, அந்த மாதிரி எத்தனையோ பழகிவிட்டேன். ஆனால் ஒருவர் குறையை இன்னொருவர் எழுத மறுக்கிற இந்தப் பழக்கம் மட்டும் எனக்குப் புரியாமலே இருந்தது.

3

போன வருஷக் கடைசியில் கொழும்பிலிருந்து பணிப்பாளர், அதாவது எங்கள் டைரக்டர், போன் செய்தார். நல்ல மனிதர், ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "டெப்புக்குச் செலவழித்தாயிற்று. உங்கள் சைட்டில் யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. நான் நேரில் வந்து பார்ப்பேன். அப்போதும் இப்படியே இருந்தால் உங்கள் பிரிவை மூடிவிட்டுப் பழையபடி காகிதத்துக்கே போவோம்" என்றார்.

பிரிவு என்றால் நான்தான். பிரிவு போனால் என் வேலை போகும். வேலை போனால் எங்கள் மூன்று பேருடைய வீசாவும் போகும். என் வீசாவில் தொங்கிக்கொண்டுதான் மற்ற இருவரும் இங்கே இருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னபோது மதி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "அப்ப கோவில்பட்டில எத்தன நாள் நிக்கணும்?"

"நிக்கிறது இல்லம்மா. அங்கேயே இருக்கிறது."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் "அது நம்ம ஊருதானே, பிள்ளை பழகிக்கிடும்" என்றார். சொல்லிவிட்டு அவரே ரொம்ப நேரம் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊர் பிடிக்காமலா? ஊர் பிடிக்கும். ஆனால் எங்களுக்கு இந்த வாழ்க்கை பிடித்துப்போய்விட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

4

சைட்டில் எதுவும் ரகசியமாக இருக்காது. மறுநாள் டீ ஆறுவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சைட் மேற்பார்வையாளர் ரிஸ்வான் நானா அக்குறணைக்காரர். வயதில் பெரியவர் என்பதால் நானும் மற்றவர்களைப் போல அண்ணன் என்ற அர்த்தத்தில் 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். அவர் வந்து, "மெய்யா மிஸ்? ஒங்கள அனுப்பப் போறாங்களா?" என்று கேட்டார். கொத்தனார்களுக்குத் தலைவர் செல்வராஜ் பாஸ். கொத்தனாரையும் தச்சரையும் இங்கே 'பாஸ்' என்று மரியாதையாகச் சொல்வார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர், அதிகம் வாய் திறக்காதவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "மிஸ், அந்த டெப்பு எல்லாம் பச்சையா இருந்தா அனுப்ப மாட்டாங்கதானே?"

"டெப் நல்லா வேலை செஞ்சா அனுப்ப மாட்டாங்க பாஸ்" என்றேன்.

அந்த வாரத்திலிருந்து நடந்ததை என்னவென்று சொல்வது! எள் என்றால் எண்ணெயாக நின்றார்கள். காலையில் டெப், மத்தியானம் டெப், வீட்டுக்குப் போகுமுன் டெப். என் திரையில் சுவர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகி, மலைச்சரிவு முழுக்கப் புல் முளைத்த மாதிரி ஆகிவிட்டது. கொழும்பிலிருந்து பாராட்டி மெயில் வந்தது. நான் வீட்டில் பாயசம் வைத்தேன். "பார்த்தீங்களா, விடாமுயற்சி!" என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். அவரும் பாவம், இரண்டு டம்ளர் குடித்து என் பேச்சைக் கேட்டார்.

5

பணிப்பாளர் வருவதற்கு முதல் நாள் மழை பிடித்துக்கொண்டது. நான்கைந்து நாளாகவே தூறல்தான், அன்றைக்குக் கொட்டியது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, நாளைக்கு அவரை எந்த வழியாகக் கூட்டிப்போகலாம் என்று பார்க்கக் குடையோடு இறங்கி நடந்தேன். கீழே நாலைந்து குடும்பங்கள் குடியிருக்கிற இடத்துக்கு நேர் மேலே ஒரு நீளச் சுவர். அதன் முகத்தில் வரிசையாகத் தண்ணீர்க் குழாய்கள் இருக்கும். பின்னால் மண்ணில் ஊறுகிற தண்ணீர் அதன் வழியாக வெளியே வர வேண்டும். வராவிட்டால் தண்ணீர் தேங்கித் தேங்கிச் சுவரை முன்னால் தள்ளும்.

அந்த மழையிலும் பாதிக் குழாய்களில் ஒரு சொட்டு வரவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன். சேறு. மேலே நிமிர்ந்தால் சுவரின் மூட்டு வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. டெப்பைத் திறந்து பார்த்தேன். அந்தச் சுவர் முழுக்கப் பச்சை. பார்த்தவர் செல்வராஜ். நேற்று.

மேலே ஓடினேன். பாஸும் ரிஸ்வான் நானாவும் தகரக் கொட்டகையில் நின்றிருந்தார்கள்.

"பாஸ், கீழ் சுவர்ல குழாய் அடைச்சிருக்கு. நீங்க பாக்கவே இல்லையா?"

"பாத்தேன் மிஸ்."

"பாத்துட்டா பச்சை போட்டீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ரிஸ்வான் நானாதான் குறுக்கே வந்தார். "மிஸ், நான் ஒண்டு சொல்லவா? கோவிச்சிக்க வாணாம். இது எங்க எல்லாருக்கும் தெரியும். ஞாயித்துக்கெழம லீவு நாள்ல நாங்களே வந்து கிளீன் பண்ணத்தான் இருந்த. மழ முந்திட்டு."

"அப்ப சிவப்பு போட்டுட்டு ஞாயித்துக்கிழமை பண்ண வேண்டியதுதானே?"

செல்வராஜ் பாஸ் நிமிர்ந்தார். "செவப்பு போட்டா ஒங்களுக்கு அரப்பேரு விழுமே மிஸ்."

எனக்குப் புரியவில்லை. அவர் டெப்பைத் தொட்டு முதல் பக்கத்தைக் காட்டினார். அங்கே என் போட்டோ, கீழே என் பெயர். உதவி வேண்டுமானால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியட்டும் என்று நானே வைத்தது.

"எங்க அம்மா கொழுந்து எடுத்தவங்க. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேருன்னு போடுவாங்க. கொழுந்து கொறஞ்சா பேருக்கு நேரா கோடு இழுத்து அரப்பேரு. பாதிச் சம்பளந்தான். இதுல ஒங்க பேருதான் இருக்கு. நாங்க செவப்பு போடப் போட ஒங்க பேருல கொறையும்னு நெனச்சோம். கொறஞ்சுகிட்டே போனா ஒங்கள அனுப்பிருவாங்க. பாப்பா ஸ்கூலு வேற இருக்கு..."

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக நான் கோவில்பட்டிக்காரியாக மாறிவிட்டேன். "அட மடசாமிகளா!" என்று கத்தினேன். "என் வேலைக்காகக் கீழ இருக்கிற சனத்தைப் பலி குடுப்பீங்களா? இந்தப் பச்சையை வச்சு நான் என்ன, வாழை இலையா விரிக்க?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். கொட்டகையில் ஒதுங்கியிருந்தவர்கள் எல்லோரும் அசந்து பார்த்தார்கள். கத்திக்கொண்டே அழுதுவிட்டேன். கோபம் பாதிதான். மீதி என்னவென்று உங்களுக்கே தெரியும்.

பிறகு யாரும் நிற்கவில்லை. ரிஸ்வான் நானா கீழே ஓடி, வீடுகளில் இருந்தவர்களைப் பக்கத்துப் பௌத்தப் பன்சலை மண்டபத்துக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தார். அந்த விகாரையின் பெரிய சாதுவே கதவைத் திறந்துவிட்டு, தேநீர் போடச் சொன்னாராம். செல்வராஜ் பாஸ் ஆட்களோடு கம்பிகளை எடுத்துக்கொண்டு குழாய்களைக் குத்திவிட இறங்கினார். இருட்டும் முன்பு பாதிக்கு மேல் திறந்துவிட்டார்கள். சேறு கலந்த தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

வேலையை நிறுத்தும்போது பாஸ் என்னிடம் வந்தார். உடம்பெல்லாம் சேறு. "மிஸ், விடியக் காலையில வந்து மிச்சத்தையும் தொறந்துருவோம். பெரியவரு வர்றப்ப எல்லாம் சரியா இருக்கும். பச்சையாவே இருக்கட்டுமே" என்றார். கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. மதியின் முகம் வந்து போனது. நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அப்படி விட்டால், அடுத்த மழையில் எந்தப் பச்சையை நம்புவது?

"இப்ப எப்படி இருக்கோ அப்படிப் போடுங்க பாஸ். என் பேருல ஒண்ணும் குறையாது. குறைஞ்சாலும் பரவாயில்ல, போறோம். கீழ வீடு இருக்கு" என்றேன்.

அவர் சட்டையில் விரலைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு துண்டாகத் தொட்டார். அடைப்பு மீதியிருந்த துண்டெல்லாம் சிவப்பானது. மற்றவர்களும் தங்கள் டெப்பை எடுத்தார்கள். எங்கெங்கோ மஞ்சள், எங்கெங்கோ சிவப்பு. மலைக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது.

6

காலையில் பணிப்பாளர் வந்தார். கொட்டகையில் பெரிய திரையில் போட்டுக் காட்டினேன்; அதில் நிறம் மட்டுந்தான், பெயர் வராது. முந்தின நாள் வரை பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்தச் சிவப்பைப் போட்டது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

யாரும் அசையவில்லை. இந்த ஊரில் யார் பெயரையும் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து செல்வராஜ் பாஸ் கையைத் தூக்கினார்.

"நான்தான் சேர். முந்தி பச்சை போட்டதும் நான்தான். அது பொய். இதுதான் மெய்."

"நானும் போட்டேன் சேர்" என்றார் ரிஸ்வான் நானா. அதன் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

பணிப்பாளர் குடையை எடுத்துக்கொண்டு சுவருக்கு இறங்கிப் போனார். மீதிக் குழாய்களும் திறக்கிற வரை மழையிலேயே நின்றார். சுவருக்குப் பின்னால் மேலே கொட்டியிருந்த மண்ணில் ஒரு பகுதியை உடனே எடுக்கச் சொன்னார். சுவர் நகரவில்லை. மழை விட்டு, எல்லாம் சோதித்த பிறகுதான் கீழே இருந்தவர்கள் வீடு திரும்பினார்கள்.

போகும்போது பணிப்பாளர் கையில் பிளேன் டீயோடு என்னிடம் வந்தார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். "என் கையில் இருக்கிற மற்ற சைட் எல்லாமே பச்சைதான், தெரியுமா?" என்றார்.

"தெரியும் சேர்."

"இத்தனை நாளும் சந்தோஷமாக இருந்தேன். இனி எனக்குத் தூக்கம் வராது. நீங்கள் என்னோடு வந்து அங்கேயும் பார்க்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு எழுதித் தருகிறேன்."

அந்த எழுத்தை வீசாவாக மாற்றுவதற்கு நான் ஏறி இறங்கிய படிகளைச் சொன்னால் இன்னொரு புத்தகமாகும். ஒருநாள் சரியான கவுண்டரில் தப்பான போட்டோ, இன்னொரு நாள் சரியான போட்டோவோடு தப்பான கவுண்டர். எப்படியோ முத்திரை விழுந்தது. மதி பாஸ்போர்ட்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப அடுத்த மெட்சுக்கும் நான் இங்கதான்" என்று வேனுக்கு ஓடினாள்.

டெப்பின் முதல் பக்கத்திலிருந்து என் போட்டோவை எடுத்துவிட்டேன். இப்போது பிளேன் டீ வட்டத்திலேயே ஒருவர் டெப்பை வைத்துக்கொண்டு நிற்கிறார். சொல்லுகிறவர் சொல்ல, அவர் தொடுகிறார். சிவப்பு தாராளமாக விழுகிறது. ஆனாலும் பிழைக்குப் 'பொறுப்பு யார்' என்று டெப் கேட்கிற கட்டத்தை மட்டும் எல்லோரும் காலியாகவே விட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

போன வாரம் ஒரு காலை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் பார்த்தேன். செல்வராஜ் பாஸ் ஒரு சிவப்பு போட்டிருந்தார். "மேக்குப் பக்கம் படிக்கட்டு. ட்ரோயிங்ல பிழை. கட்டினா கடைசிப் படி சுவருக்குள்ள போகும்." கீழே, அதுவரை யாருமே நிரப்பாத கட்டத்தில், எழுதியிருந்தார்: "பொறுப்பு: மிஸ்."

வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். சரிதான். நான் வரைந்ததுதான். அங்கேயே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, என் மேல புகார் எழுதிட்டாங்க!"

"அடப் பாவமே, யாரு?"

"செல்வராஜ் பாஸ்!"

"அதுக்கு ஏன் இப்படிச் சிரிக்கிற?"

அவருக்கு எப்படி விளக்குவேன்? ஏழு வருஷமாக இவர்கள் என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். என்னைக் காப்பாற்றப் பொய்கூடச் சொன்னார்கள். விருந்தாளியாக வந்தவளிடம் அப்படித்தான் நடந்துகொள்வார்கள். இப்போது என் தப்பை என் பெயர் போட்டு எழுதிவிட்டார்கள். வீசா முத்திரை விழுந்த அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி பாஸுக்குப் பதில் எழுதினேன்: "ஆமா பாஸ், என் பிழைதான். டீக்கு முன்னாடி திருத்திர்றேன்."